பேஸ்மென்ற் தம்பியின் அம்புகள்

அவனுடைய இடது முன்கையில் ஒரு ரோமம்கூட இருக்காது. வலது கை எல்லா ஆண்பிள்ளைகளின் கையும் போலத்தான். இடது கை மட்டும் குழந்தைப்பிள்ளையின் கை மாதிரி வழுவழுவென்று இருக்கும். எங்கள் ஸ்காபரோ வீட்டுக்குக் கீழே இருந்த பேஸ்மென்றை வாடகைக்குக் கேட்டு அவன் வந்த அன்று நான் முதலில் கவனித்தது அதைத்தான். ஏதோ தோல் வருத்தம், வீட்டுக்குள் விடலாமோ என்று யோசித்தேன்.

"கையில என்ன தம்பி, நெருப்புப் பட்டதோ?"

"இல்லை அக்கா. அலகு தீட்டினால் அதிலதான் வழிச்சுப் பாக்கிறனான்."

என்ன அலகு, எதற்குத் தீட்டுகிறான் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை. ஆள் சாந்தமாக இருந்தான். சப்பாத்தை வாசலிலேயே கழற்றினான். அது போதும் என்று கதவுத் திறப்பைக் கொடுத்துவிட்டேன். அடுத்த வாரம் உடுப்புத் தோய்க்கக் கீழே இறங்கியபோதுதான் விஷயம் விளங்கியது. தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்துகொண்டு, அரத்தாலும் கல்லாலும் ஓர் அம்பு முனையைத் தீட்டிக்கொண்டிருந்தான். தீட்டி முடித்ததும் அதை முன்கையில் வைத்து மெல்ல இழுத்தான். முளைத்துவந்த ரோமம் சுத்தமாக வழித்துக்கொண்டு வந்தால் முனை பெட்டிக்குள் போகும். ஒரு ரோமம் தப்பினாலும் மறுபடி அரம், மறுபடி கல். நான் உடுப்புக் கூடையோடு படியிலேயே நின்றுவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்திறங்கிய பெடியங்களால் ஸ்காபரோவின் பேஸ்மென்றுகள் நிறைந்திருந்தன. ஒருவன் ரெஸ்ரோறன்றில் கோப்பை கழுவுவான், ஒருவன் கட்டடத்துக்குக் காவல் நிற்பான், ஒருவன் விடியற்காலையில் பேப்பர் போடுவான். வில்லும் அம்புமாகக் காட்டுக்குள் போகிறவனை நான் கேள்விப்பட்டதே இல்லை. எனக்கு வாய்த்தவன் அப்படி. கார்களுக்குத் தகரம் அழுத்தும் தொழிற்சாலையில் அவனுக்கு வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு போலந்துக்காரன் அவனுக்கு இதைப் பழக்கிவிட்டிருந்தான்.

"வேட்டைக்கு எல்லாரும் துவக்கோடதானே போறவை?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"துவக்குச் சத்தம் எனக்கு ஏலாது அக்கா."

அதற்குமேல் அவன் சொல்லவில்லை. ஊரிலிருந்து வந்தவர்களிடம் அதற்குமேல் கேட்பது வழக்கமும் இல்லை.

அந்த மாரிக்கு முதல் பேஸ்மென்றில் எலி வந்தது. என் கணவர், அவரை நான் 'இவர்' என்று சொல்லித்தான் பழக்கம், மலிவுக் கடையில் பசைத்தட்டுகள் வாங்கிவந்து மூலைக்கு மூலை வைத்தார். ஒரு காலை நான் கீழே இறங்கினால், ஒரு தட்டில் எலி ஒட்டிக்கொண்டு கீச்சிட்டுக்கொண்டிருந்தது. கழற்றிக்கொண்டு போக முயன்றதில் ஒரு கால் பிய்ந்திருந்தது. நான் கத்திய கத்தலில் அவன் பாதிச் சவர முகத்தோடு ஓடிவந்தான். பார்த்தான். சப்பாத்தை எடுத்து ஒரே அடி. பிறகு எல்லாத் தட்டுகளையும் பொறுக்கிக் குப்பைப் பையில் போட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டு மேலே வந்து இவருக்கு முன்னால் நின்றான்.

"அண்ணை, கொல்லுறதெண்டால் கொல்லுங்கோ. உப்பிடி ஒட்டி வைச்சிட்டு வேலைக்குப் போகாதேங்கோ."

அவன் குரலை உயர்த்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். இவர் பாணும் வாயுமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்னேரம், மரப்பலகையில் கம்பி அடிக்கும் எலிப்பொறிகளை அவனே வாங்கிவந்து வைத்தான். ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போக முதல் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் போவான்.

நண்டும் அப்படித்தான். சீனக் கடையிலிருந்து உயிர் நண்டு வாங்கிவந்தால் நான் கால்களை முறித்துவிட்டு, ஓட்டைக் கழற்றி, துடிக்கத் துடிக்கத்தான் சட்டிக்குள் போடுவேன். எல்லாரும் செய்வதுதானே. ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே வந்தவன் அதைப் பார்த்துவிட்டான். என் கையிலிருந்த கத்தியை வாங்கி, ஒவ்வொரு நண்டையும் மல்லாத்தி ஒரு குத்து. குத்திய நண்டு பிறகு அசையவில்லை. "இனி முறியுங்கோ அக்கா" என்று கத்தியைக் கழுவி வைத்துவிட்டுப் போனான். அன்றைக்கு நண்டுக் கறியை அவன் ருசித்துச் சாப்பிட்டான். என்னால்தான் சாப்பிட முடியவில்லை.

அவனை நல்ல மனசுக்காரன் என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு வாய் வராது. நல்ல மனசுக்காரர் ஓர் உயிர் போவதைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவன் கிட்டப் போய்ப் பார்ப்பான். எந்த இடத்தில் பட்டால் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது, அதை அவன் பஸ் வருகிற நேரம் சொல்வதுபோலச் சொல்வான். எனக்கு அது பயமாக இருந்தது.

"இவ்வளவு இரக்கம் இருக்கிறவர் பேந்து ஏன் தம்பி வேட்டைக்குப் போறீர்?"

"நான் போகாட்டியும் அது சாகும் அக்கா. பனியில பட்டினி கிடந்து சாகும். கார் அடிச்சு ரோட்டுக் கானுக்குள்ள கிடந்து சாகும். ஓநாய் பின்னால திண்டுகொண்டிருக்க முன்னால உயிரோட நிக்கும். நான் போனால் கெதியில முடியும்."

"உமக்கு உதில என்ன சந்தோஷம்?"

"சந்தோஷம் எண்டில்லை அக்கா. ஒண்டாவது ஒழுங்காய்ச் சாகவேணும்" என்றான்.

இதற்குத்தான் அத்தனை தீட்டலும் அத்தனை நிறுவையும். நான் கேக் செய்ய வைத்திருந்த சின்னத் தராசு ஒரு நாள் காணாமல் போய், பேஸ்மென்றில் அகப்பட்டது. அம்புகளை ஒவ்வொன்றாக அதில் நிறுத்து, ஒரே நிறையாக இருப்பவற்றை ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தான். தராசைத் திருப்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை. வேறு ஒன்று வாங்கிக்கொண்டேன்.

இவர் மெல்ல மெல்ல அந்தப் படியால் இறங்கத் தொடங்கினார். வேலை முடிந்து வந்தால் ரீவி பார்த்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது கீழே போய் அம்புக் கதை கேட்கிறார். எனக்கும் மேலே கேட்கும். எந்த அம்பு மானுக்கு, எந்த அம்பு மாடளவு மூஸுக்கு என்று அவன் சொல்லிக்கொண்டிருப்பான். வில்லின் பலத்துக்கு ஏற்ற விறைப்புத் தண்டில் இருக்க வேண்டும். விறைப்புக் குறைந்தால் வில்லை விட்டுப் புறப்படும்போதே அம்பு வளைந்து பாம்பு மாதிரி நெளிந்துகொண்டு போகும், நெளிகிற அம்பு உள்ளே போகாது. முனையில் பாரம் கூட்டினால் தண்டு இன்னும் விறைப்பாக இருக்க வேண்டும். முனை அகலமாக விரிந்தால் பார்க்க அழகு, ஆனால் எலும்பில் பட்டால் நின்றுவிடும். அவனுடைய தெரிவு எப்போதும் ஒன்றுதான்: பாரமான அலுமினியத் தண்டு, அசையாமல் பூட்டிய இரண்டு அலகு முனை, மூன்று சிறகு.

"ஒரு பக்கத்தால போய் மற்றப் பக்கத்தால வெளியில வந்து மண்ணில குத்தவேணும் அண்ணை. ரெண்டு ஓட்டை. கீழ் ஓட்டையால ரத்தம் போகும், நடந்து போய் எடுக்கலாம். அம்பு உள்ளுக்க நிண்டால் அதுவே அடைச்சுக்கொள்ளும். மிருகம் அதோட ஓடும்."

அம்பு நேராகப் போகிறதா என்று பார்க்க அவனுக்கு ஒரு வழி இருந்தது. கராஜுக்குள் ஒரு மரச்சட்டத்தில் கடதாசியை இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் பழைய மெத்தையை நிறுத்தி, கிட்ட நின்று எய்வான். கடதாசியில் முனை போன ஓட்டையும் சிறகு போன கிழிசலும் ஒரே இடத்தில் இருந்தால் அம்பு நேர். கிழிசல் பக்கவாட்டில் இழுபட்டிருந்தால் ஏதோ பிழை, தண்டை மாற்ற வேண்டும், அல்லது கொஞ்சம் வெட்டிக் கட்டையாக்க வேண்டும். கடதாசி என்பது எங்கள் தமிழ்க் கடைகளில் சும்மா கிடக்கும் வாரப் பத்திரிகை. அதில் முக்கால்வாசி மரண அறிவித்தல்தான். அந்தப் பக்கங்களை மட்டும் கழற்றி மடித்து ஒரு பக்கம் வைத்துவிட்டு, நகைக்கடை விளம்பரத்திலும் வீடு விற்பவர்களின் சிரித்த முகத்திலும்தான் எய்வான்.

இவருக்கும் வில் வந்தது. பாடம் எடுத்துச் சோதனையும் பாஸ் பண்ணினார். அதுவரை போலந்துக்காரனுக்குத் துணையாகப் போய்வந்த அவனும் சேர்ந்து, அந்த வேட்டைப் பாட வகுப்புக்கு இருவரும் ஒன்றாகத்தான் போனார்கள். இவர் அதை வாகன லைசன்ஸ் மாதிரி எடுத்து வைத்துக்கொண்டார். அவன் புத்தகத்தைப் பாடமாக்கினான். "அக்கா, காயப்பட்ட மிருகத்தை விட்டிட்டு வரக்கூடாதாம். தேடவேணுமாம். உது இஞ்சத்தச் சட்டம்" என்று ஏதோ பரிசு விழுந்தவன்போல வந்து சொன்னான். நான் அவன் முகத்தில் அப்படியொரு ஆறுதலை அதற்கு முன் கண்டதில்லை.

இவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மனிதர், ஆனால் புதுச் சாமான் என்றால் வாயைப் பிளந்துவிடுவார். எங்கள் வீட்டில் தூசி உறிஞ்சும் மெஷின் மட்டும் மூன்று. வில்லுக் கடைக்காரன் அவரைக் கண்டவுடன் கண்டுகொண்டிருக்க வேண்டும். மெல்லிய கறுப்புக் காபன் தண்டு, தொடும்போது குடை மாதிரி விரியும் முனை, காற்றைவிட வேகம் என்று சொல்லித் தலையில் கட்டிவிட்டான். இவர் கொண்டுவந்து மேசையில் பரப்பிப் பெருமையாகக் காட்டினார். அவன் ஒன்றைக் கையில் எடுத்துப் பாரம் பார்த்துவிட்டு வைத்தான்.

"திருப்பிக் குடுங்கோ அண்ணை."

"ஏன் ஐசே, உதின்ர வேகம் உமக்குத் தெரியுமோ?"

"வேகம் கடையில விக்கிற சாமான். உள்ள போறதுக்குப் பாரம் வேணும். உது எலும்பில பட்டால் சறுக்கும்."

"ஓம் ஓம்" என்று இவர் தலையை ஆட்டினார். திருப்பிக் கொடுக்கவில்லை.

இதற்கிடையில் அவனுடைய அகதி விசாரணைக்குத் திகதி வந்தது. ஒக்ரோபரில் ஒரு திங்கட்கிழமை காலை. அந்த நாட்களில் யாழ்ப்பாணத்துப் பெடியனுக்கு அது ஒரு சடங்கு மாதிரி. பயம்தான், ஆனால் பெரும்பாலும் கிடைத்துவிடும். கதையில் பாதிக்குமேல் கற்பனை கலந்தவர்களுக்கும் கிடைத்ததை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன். இவனுடைய கேஸ் நல்ல கேஸ் என்று லோயர் அம்மா சொல்லியிருந்தா. நேரத்துக்குப் போய் இருந்து வாயைத் திறந்தால் போதும். அது கிடைத்தால் தங்கச்சியைக் கொழும்பிலிருந்து இங்கே எடுக்கலாம் என்பது ஒன்றுதான் அவனுக்கு இருந்த எதிர்காலத் திட்டம்.

அதற்கு முதல் சனிக்கிழமை இருவரும் காட்டுக்கு வெளிக்கிட்டார்கள். பீற்றர்பரோவையும் தாண்டி, ஒரு வெள்ளைக்காரக் கிழவரின் பண்ணைக்குப் பின்னால் இருக்கும் காடு. நான் வாசலில் நின்று மறித்தேன்.

"தம்பி, திங்கள் ஹியறிங். இப்ப என்ன வேட்டை? வீட்டில இருந்து லோயர் சொன்னதுகளைப் பாடமாக்கும்."

"வீட்டில இருந்தால் விசர் பிடிக்கும் அக்கா. நாளைக்கு வந்திடுவம்."

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இவர் மட்டும் வந்தார். கார் கதவைச் சாத்தின விதத்திலேயே எனக்கு விளங்கிவிட்டது. சனி பொழுதுபடுகிற நேரம் ஒரு கிடாய் மான் இவருக்குக் கிட்ட வந்திருக்கிறது. அவனுடைய பாரமான அம்புகளில் மூன்றை அவன் இவரின் அம்புக் கூட்டில் போட்டுவிட்டிருந்தான். இவர் எடுத்து எய்தது அந்தக் கறுப்பு அம்பை. மான் இவர் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றிருக்கிறது. முனை தோள் எலும்பில் பட்டு விரிந்து, சறுக்கி, வயிற்றுக்குள் போய் நின்றுவிட்டது. மான் அம்போடு ஓடிவிட்டது.

வயிற்றில் பட்டதை உடனே துரத்தக்கூடாதாம். விட்டால் கிட்டவே படுக்கும், எழுப்பினால் கண்டபாட்டுக்கு ஓடும். இரவு முழுக்கக் காத்திருந்து, ஞாயிறு விடிய இருவரும் தேடத் தொடங்கியிருக்கிறார்கள். அன்றைக்கென்று மழை. ரத்தம் எல்லாம் கழுவுப்பட்டுப் போய்விட்டது. மத்தியானத்துக்குப் பிறகு இவர் களைத்துப்போனார். திங்கள் விடியற்காலை இவருக்கு வேலை.

"அந்தப் பெடியனை விட்டிட்டோ வந்தனீங்கள்?"

"நான் கெஞ்சிப் பாத்திட்டனப்பா. நீங்கள் போங்கோ அண்ணை, எனக்கு நாளைக்குத்தானே, கிழவனின்ர ட்ரக்கில ஏறி வந்து பஸ் பிடிச்சு நேரா அங்க போறன் எண்டான். நான் என்ன செய்ய?"

"காதில பிடிச்சு ஏத்திக்கொண்டு வந்திருக்கவேணும்" என்றேன். அன்றிரவு இவருக்கு நான் சாப்பாடு போடவில்லை. கிழவரின் வீட்டுக்குப் போன் எடுத்தேன். அவன் இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை என்றார்.

திங்கள் காலை, அவன் நேராக அங்கே வருவான் என்ற நம்பிக்கையில், அவனுடைய வெள்ளைச் சேட்டு ஒன்றை ஸ்திரி போட்டு எடுத்துக்கொண்டு, பஸ்ஸும் ரயிலுமாக டவுன்ரவுனுக்குப் போனேன். விசாரணை நடக்கும் மாடியில் லோயர் நடைபாதையில் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தா. லிஃப்ற் திறக்கும் ஒவ்வொரு தடவையும் இருவரும் திரும்பிப் பார்த்தோம். யார் யாரோ வந்தார்கள். தமிழ்ப் பெடியங்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு, கோயிலில் பூசித்த நூல் கையில் தெரிய வந்தார்கள். உள்ளே போனார்கள், சிலர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். அவனுடைய பெயரைக் கூப்பிட்டார்கள். பிறகும் கூப்பிட்டார்கள். பிறகு கதவைச் சாத்திவிட்டார்கள். சேட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் அந்தக் கதிரையிலேயே இருந்தேன்.

அவன் செவ்வாய் வந்தான். முழங்காலுக்குமேல் சேறு, கன்னமெல்லாம் முள் கீறிய கோடு. அவன் கதவைத் திறக்க முதல் நான் திட்டத் தொடங்கிவிட்டேன். என் வாயில் வந்தது எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டு நின்றான்.

"விடிய வெளிக்கிட்டனான் அக்கா. சத்தியமா வெளிக்கிட்டனான். கிழவன் ட்ரக்கை ஸ்ரார்ட் பண்ணிக்கொண்டு நிண்டவன். சதுப்புப் பக்கத்தால வாற வழியில அது படுத்த இடத்தைக் கண்டன். புல்லெல்லாம் அமுங்கிக் கிடந்தது. கையை வைச்சுப் பாத்தன். சூடாய் இருந்தது."

"அதுக்கு?"

"சூடாய் இருந்தது அக்கா. இப்பதான் எழும்பிப் போயிருக்கு. உயிரோட இருக்கு எண்டு தெரிஞ்ச பிறகு எப்பிடி வாறது?"

மத்தியானம் தாண்டித்தான் அதைக் கண்டிருக்கிறான். தண்ணீருக்குள் முன்னங்கால் மடித்துப் படுத்திருந்ததாம். அவனைக் கண்டு எழும்ப முயன்று முடியாமல் தலையை மட்டும் தூக்கியதாம். கிட்டப் போய் முடித்திருக்கிறான். இறைச்சி ஒன்றுக்கும் உதவவில்லை. உடைந்த கறுப்பு அம்பைக் கோட்டுப் பைக்குள்ளிருந்து எடுத்து இவருக்கு முன்னால் மேசையில் வைத்தான். "உங்கட, அண்ணை" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. இவர் அதைத் தொடவில்லை, நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

கேஸ் அதோடு முடியவில்லை. வராததற்கு நியாயமான காரணம் சொன்னால் மறுபடி விசாரணைக்கு எடுப்பார்கள், அதற்கு ஒரு நாள் தருவார்கள் என்று லோயர் சொன்னா. லோயரின் கந்தோரில் மொழிபெயர்ப்புச் செய்கிற தமிழ் ஆள் எங்களை ஒரு பக்கம் கூட்டிக்கொண்டு போய், காய்ச்சல் என்று ஒரு டொக்டரிடம் துண்டு வாங்கிவரச் சொன்னார். எல்லாரும் செய்வது, ஒருவரும் தோண்டமாட்டார்கள். எனக்குத் தெரிந்த டொக்டர் ஒருவர் இருந்தார். நான் அவரோடு கதைத்தும் வைத்துவிட்டேன்.

அவன் மாட்டேன் என்றான்.

"ஏன் பொய் சொல்லவேணும் அக்கா? உண்மையான காரணமே இருக்கு. தேடவேணும் எண்டு அவங்கள்தானே படிப்பிச்சவங்கள். அவங்கட சட்டத்தைத்தான் நான் கைக்கொண்டனான்."

"தம்பி, அது வேற ஆக்கள், இது வேற ஆக்கள்."

"எல்லாம் ஒரு அரசாங்கம்தானே? இஞ்ச நாய்க்கும் ஆஸ்பத்திரி கட்டி வைச்சிருக்கினம். ரோட்டில தாராவும் குஞ்சும் கடந்தால் கார் எல்லாத்தையும் மறிக்கினம். உவைக்கு விளங்காதோ?"

நான் அழுதேன். இவர் அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, "என்ர பிழைக்கு நீ ஏன்ராப்பா சாகிறாய், காய்ச்சல் எண்டு சொல்லு" என்று கெஞ்சினார். லோயரும் தலையில் கையை வைத்துவிட்டா. அவன் சிரித்தான். விளங்கும் என்று உறுதியாக நம்பினான். இந்த நாட்டைப் பற்றி அவனைப்போல நல்லதாக நினைத்த ஒருவரை நான் அதற்குப் பிறகு சந்திக்கவில்லை.

காரணம் சொல்லத் தந்த அந்த நாளில் நானும் உள்ளே இருந்தேன். தீர்ப்புச் சொல்ல இருந்தவர் நரைத்த தலையோடு, மரியாதையாகக் கதைக்கும் ஒரு பெண்மணி. அவன் வேட்டைப் பாடப் புத்தகத்தைக் கையில் கொண்டுபோயிருந்தான். அந்தப் பக்கத்தைத் திறந்து மேசையில் வைத்தான். நடந்ததை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னான். அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு, ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினா. விசாரணைத் திகதி தெரியுமா? தெரியும். பண்ணை வீட்டில் போன் இருந்ததா? இருந்தது. எய்தது நீங்களா? இல்லை. அந்த மானை வேறு ஒருவர் தேடியிருக்க முடியாதா? கிழவருக்கு நடக்க ஏலாது. திரும்பிப்போனால் கொன்றுவிடுவார்கள் என்று பயப்படுகிற ஒருவர், அந்தப் பயத்தைச் சொல்லக் கிடைத்த ஒரே நாளை ஒரு மிருகத்துக்காகவா விட்டார்?

மொழிபெயர்ப்பாளர் அதைத் தமிழில் சொல்லி முடித்ததும் அவன் திறந்து கிடந்த பக்கத்தைப் பார்த்தான்.

"ஓம்" என்றான்.

புத்தகத்தை அவ மெல்ல மூடி அவன் பக்கம் தள்ளினா. விருப்பப்பட்டுக் கைவிட்ட கேஸ் என்று எழுதப்பட்டது. அவன் ஊரில் என்ன பட்டான், எதைக் கண்டான், ஏன் ஓடிவந்தான் என்று அந்த அறையில் ஒரு சொல்லும் பேசப்படவில்லை. அதற்கான நாள் போய்விட்டது. நீதிமன்றத்துக்குப் போனோம், மனுக் கொடுத்தோம், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. அடுத்த வருஷம் பனி கரைகிற நேரம் அவனை விமானத்தில் ஏற்றினார்கள். போகும்போது இவரின் தோளைத் தட்டி, "அண்ணை, இனிப் பாரமான அம்பு பாவியுங்கோ" என்றான். குத்திக்காட்டினானா, உண்மையாகவே அக்கறையில் சொன்னானா, எனக்குத் தெரியவில்லை. இவர் பிறகு வில்லைத் தொடவே இல்லை.

கொழும்பில் வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தான். இரண்டு தரம் எங்களுக்குப் போன் எடுத்தான். அடுத்த தரம் எடுத்தது அவனுடைய தங்கச்சி. லொட்ஜைச் சுற்றி வளைத்துப் பெடியங்களை ஏற்றிக்கொண்டு போனார்களாம். மற்றவர்கள் ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். இவன் வரவில்லை. போய்க் கேட்ட இடத்திலெல்லாம் எங்களிடம் இல்லை என்கிறார்கள். ஆர் கொண்டுபோனது என்றே தெரியவில்லை என்றாள். நான் போனோடு படியில் குந்தினேன்.

"அக்கா, ஒண்டு கேக்கவேணும். அண்ணா அங்க என்ன பிழை விட்டவர்? ஏன் அனுப்பினவை? எங்களுக்கு அவர் சொல்லவே இல்லை."

சொன்னேன். இவர் எய்த அம்பு, மழை, சதுப்பு, நான் கதிரையில் காத்திருந்தது, எல்லாம் சொன்னேன். அவள் எங்களைத் திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நல்லது என்றும் இருந்தது. அவள் கேட்டது வேறு.

"மான் கிடைச்சதோ அக்கா?"

"கிடைச்சது."

"உயிரோடயோ?"

"உயிரோட. அண்ணாதான் கிட்டப் போய் முடிச்சவர்."

அவள் மூச்சு விடுவது கேட்டது.

"எங்களுக்கு ஒரு தம்பி இருந்தவன் அக்கா. றோட்டில வெடி பட்டு, பக்கத்து வளவுப் பனங்கூடலுக்குள்ள ஊர்ந்து போயிட்டான். ஊரடங்கு. வெளியில தலை காட்டினால் சுடுவாங்கள். அவன் அண்ணாவைக் கூப்பிடுற சத்தம் வீட்டுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மா அண்ணாவைப் போக விடேல்லை, கதவில சாஞ்சுகொண்டு நிண்டவ. அடுத்த நாள் பின்னேரம்தான் சத்தம் நிண்டது."

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"மான் கிடைச்சதெண்டால் சரி அக்கா. அண்ணாக்கு அது காணும்."

அவள் போனை வைத்துவிட்டாள். அவனுக்குப் போதுமாக இருந்திருக்கலாம். எனக்குப் போதவில்லை, இன்றைக்கும் போதவில்லை. அப்போது "ஆரப்பா போனில?" என்று கேட்டுக்கொண்டு இவர் குசினிக்குள்ளிருந்து வந்தார். சொல்லாமல் விட்டிருக்கலாம், அந்த மனிதர் ஏற்கெனவே பாதியாகிப் போயிருந்தார். ஆனால் அவரும் கேட்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவரைக் கையில் பிடித்துப் படியில் பக்கத்தில் இருத்தி, அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன்.